பஸ்ஸிலும் மடுவத்திலும் நடப்பது ‘சேட்டை’ இல்லை: 345ஆம் பிரிவு யாருக்கு, எதற்கு?

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அம்மா என் டையின் பின்பக்கத்தில் ஒரு ஊக்கைக் குத்தி அனுப்புவார். பின்னேரம் ஹட்டனில் பஸ் ஏறினால் நிற்கத்தான் இடம் கிடைக்கும், ஒவ்வொரு வளைவிலும் ஆள் மேல் ஆள் விழும், அதையே சாக்காக வைத்துச் சாய்கிறவர்களும் இருப்பார்கள். “கிட்ட வந்தா குத்திடு, சத்தம் மட்டும் போடாத” என்பார் அம்மா. குத்துவதற்கு அனுமதி உண்டு, சத்தம் போடுவதற்கு இல்லை. ஏனென்றால் சத்தம் போட்டால் பஸ்ஸே திரும்பி என்னைத்தான் பார்க்கும்.

இப்படிப்பட்ட பாலியல் தொந்தரவில் இலங்கைச் சட்டம் யாரைப் பார்க்கிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நம் நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டில் வந்தது. அதன் 345ஆம் பிரிவு ஒரு நூறு வருஷத்துக்கு மேல் பேசியது ‘பெண்ணின் மானம்’ பற்றித்தான். அவளுடைய மானத்துக்குப் பங்கம் வரும்படி யாராவது அவள் மீது கை வைத்தால் குற்றம் என்று இருந்தது. 1995இல் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்தப் பிரிவையே மாற்றி எழுதியது. இப்போது அதில் மானம் என்ற பேச்சே இல்லை. இன்னொரு ஆளைத் தொட்டோ பலவந்தப்படுத்தியோ பாலியல் ரீதியாகத் தொந்தரவு செய்தால் குற்றம், தொடாமல் பேச்சாலும் செய்கையாலும் அந்தத் தொந்தரவைக் கொடுத்தாலும் அதே குற்றம். தண்டனை 5 வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதோடு பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கச் சொல்லியும் நீதிமன்றம் உத்தரவிடலாம், மனதில் பட்ட காயமும் அந்தக் கணக்கில் சேரும் என்று பிரிவிலேயே எழுதியிருக்கிறது. ‘பெண்’ என்று இல்லாமல் ‘ஆள்’ என்று இருப்பதால் ஒரு பையனுக்கு நடந்தாலும் இதே பிரிவுதான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், இது சின்ன மாற்றமில்லை. முன்பு கேள்வி அவளுடைய மானம் என்ன ஆனது என்பது, இப்போது கேள்வி அவன் என்ன செய்தான் என்பது. தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், மட்டும் கேள்வி இன்னும் மாறவில்லை. அந்தப் பிள்ளை ஏன் அந்த நேரத்தில் போனது, என்ன உடுப்பு, போனில் யாரோடு சிரித்துக்கொண்டிருந்தது, இப்படித்தான் விசாரணை ஆரம்பிக்கும். இதில் எதைப் பற்றியும் 345இல் ஒரு வார்த்தை கூடக் கிடையாது.

அந்தப் பிரிவின் கீழே ஒரு விளக்கக் குறிப்பு இருக்கிறது, அதைத் தோட்டத்துக்கென்றே எழுதியதாகத்தான் எனக்குத் தோன்றும். அதிகாரத்தில் இருக்கிற ஒருவர், வேலைத்தளத்திலோ வேறு எங்கேயோ, எதிரில் இருப்பவர் விரும்பாத பாலியல் நெருக்கத்தைச் சொல்லாலோ செயலாலோ காட்டினால் அதுவே குற்றம். சரி, மலையில் அதிகாரம் யார் கையில்? தோட்டத்தை நடத்துகிற பெரிய துரை வரைக்கும் போக வேண்டாம், தராசைப் பிடிக்கிறவரே போதும். மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கிற கொட்டகையில், ஈரத்துக்கு எத்தனை கிலோ கழிப்பது, சாக்குக்கு எத்தனை என்று சொல்கிறவர் அவர். அவர் எழுதுகிற எண்ணைப் பொறுத்துத்தான் அன்றைக்கு முழுப் பேரா அரைப் பேரா, அதாவது முழு நாள் சம்பளமா அரை நாள் சம்பளமா என்பது முடிவாகும். மழையில் நனைந்து, இடுப்பில் படங்குச் சாக்கோடு வரிசையில் நிற்கிற பெண்ணிடம் அவர் ஏதாவது அசிங்கமாகச் சொன்னால் அவள் என்ன செய்வாள்? சிரித்து மழுப்பிவிட்டு நகர்ந்துவிடுவாள். அந்தச் சிரிப்பைக் காட்டி, “அதுக்கும் விருப்பம்தான்” என்பார்கள். எனக்கு இதைக் கேட்டாலே கோபம் வரும். தராசு அவர் கையில் இருக்கும்போது அவள் சிரித்ததைச் சம்மதம் என்று யாரும் சொல்லக் கூடாது.

அப்புறம் தோட்டத்துத் தொழிற்சங்கத் ‘தலைவரை வைத்துப் பேசி முடிப்பது’. தோட்டத்தில் பல சண்டைகளை அப்படித்தான் தீர்க்கிறோம், அதில் நல்லதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் முடிவு பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: அவன் மன்னிப்புக் கேட்பான், அவளை வேறு மலைக்கு மாற்றுவார்கள். தலைவர் பேசினார் என்பதற்காகப் பொலிஸுக்குப் போகிற உரிமை போய்விடாது.

பொலிஸுக்குப் போனால் அடுத்த பிரச்சினை பாஷை. என் சித்தி மகள் ஒருமுறை முறைப்பாடு கொடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். அவள் அழுதுகொண்டே தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதினார்கள், கடைசியில் பக்கத்தைத் திருப்பி “மெத்தன அத்சன் கரன்ன” என்று கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். என்ன எழுதியிருந்தது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வைத்துவிட்டு வந்தோம். அன்றைக்கு எங்களுக்குத் தெரியாமல் போனது இதுதான்: அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரைப்படி தமிழும் அரசகரும மொழி, 22ஆம் உறுப்புரைப்படி அரசு அலுவலரோடு தமிழில் காரியம் பார்க்க நமக்கு உரிமை உண்டு. அதனால் விளங்காத வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் எழுதச் சொல்லுங்கள், முடியாது என்றால் தமிழ் தெரிந்த அலுவலரைக் கொண்டு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பெண்கள், சிறுவர் பிரிவு இருக்கிற நிலையமாக இருந்தால் பெண் அலுவலரிடமே பேச வேண்டும் என்றும் கேட்கலாம்.

முறைப்பாட்டையே எடுக்காமல், “தோட்டத்து ஆட்களுக்கு இதே வேலை” என்று திருப்பி அனுப்பினால் அது வேறு விஷயம், அங்கே பாகுபாடு வந்துவிடுகிறது. இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் இவற்றைக் காரணமாக வைத்து எந்தப் பிரஜைக்கும் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை. கடை, சாப்பாட்டுக் கடை, ஹோட்டல், தன் மதத்துக் கோயில் இவற்றுக்குள் போவதை இனம், மதம், மொழி, சாதி, பால் என்று சொல்லித் தடுக்கக் கூடாது என்பதும் அதே உறுப்புரைதான். 345ஐயும் 12ஐயும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தொந்தரவு செய்தவன் மேல் 345, உங்கள் உரிமையை மறுத்த அரசு அலுவலர் மேல் 12. இந்த 12ஐ வைத்துக் கொழும்பில் இருக்கிற உயர் நீதிமன்றத்துக்கு (Supreme Court) போக 126ஆம் உறுப்புரை கொடுக்கிற நேரம் ஒரே ஒரு மாதம். கொழும்புக்குப் போக வசதி இல்லாதவர்கள் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம், கண்டியிலும் பதுளையிலும் அதற்குப் பிராந்திய அலுவலகம் உண்டு. அங்கே விசாரணை நடக்கிற காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ‘திருநாள் முடியட்டும், பார்ப்போம்’ என்று தள்ளிப் போட்டு இழந்துவிடாதீர்கள்.

இலக்கங்களை போனில் பதிந்துகொள்ளுங்கள். பெண்களுக்கான அரசாங்க உதவி இலக்கம் 1938, மனித உரிமைகள் ஆணைக்குழு 1996, பொலிஸ் அவசரம் 119. சட்டத்தரணிக்குக் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேட்கலாம். முறைப்பாடு கொடுத்ததற்காக யாராவது மிரட்டினால், பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அதன் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

நடந்த அன்றைக்கே, மறப்பதற்கு முன்னால், திகதி, நேரம், பஸ்ஸின் இலக்கம், பக்கத்தில் யார் நின்றார்கள், அவன் சொன்ன வார்த்தை என்ன என்று எழுதி வையுங்கள். வார்த்தை அசிங்கமாக இருந்தாலும் அப்படியே எழுதுங்கள், அது அவன் வாயிலிருந்து வந்தது. பிள்ளையின் பழைய கொப்பியின் கடைசிப் பக்கம் போதும்.