புதிய பிக்அப் வாங்கும்போது எந்த எண்ணைப் பேரம் பேசுகிறோம்?

வாகனக் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு, வண்டி வாங்குபவர்களுக்குக் கிடைக்காத ஒரு வசதி உண்டு. ஒரே மாடல் பிக்அப்புக்கு வெவ்வேறு ஆட்கள் வாங்கி வந்த கொட்டேஷன்களை எங்களால் அருகருகே வைத்துப் பார்க்க முடியும். அப்படிப் பார்க்கும்போது, வண்டி விலையில் பெரிய தள்ளுபடி வாங்கியவர் மொத்தத்தில் கூடுதலாகக் கட்டுவதும், தள்ளுபடி அதிகம் கிடைக்காதவர் குறைவாகக் கட்டுவதும் அடிக்கடி தென்படும். முதலாமவர் பேரம் பேசத் தெரியாதவர் அல்லர். பல நேரங்களில் அவர்தான் அதிக நேரம் பேசியிருப்பார். அவர் பேசியது ஒரு வரியைப் பற்றி மட்டும் என்பதுதான் சிக்கல்.

டீலருக்கு ஒரு வண்டியில் கிடைக்கும் வருமானம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. வண்டியின் விற்பனை லாபம், தயாரிப்பாளர் தரும் ஊக்கத்தொகை, கடன் ஏற்பாடு செய்ததற்கான கமிஷன், இன்சூரன்ஸ் கமிஷன், ஆக்சஸரீஸ், நீட்டிக்கப்பட்ட வாரண்டி, மாற்றாகக் கொடுக்கும் பழைய வண்டியை மறுவிற்பனை செய்வதில் வரும் லாபம் என அது பல கால்வாய்களில் வந்து சேர்கிறது. விற்பவர் இவை அனைத்தையும் கூட்டிப் பார்த்து முடிவெடுக்கிறார். வாங்குபவரோ முதல் கால்வாயை மட்டும் அடைக்கப் பார்க்கிறார். இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். வாடகையும் சம்பளமும் கொடுத்துக் கடை நடத்துகிறவர் எங்காவது சம்பாதித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் எங்கே, எவ்வளவு என்பது வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய ஒன்று உண்டு: எந்த வண்டி என்பது. கார்களைவிடப் பிக்அப்களில் இது சிக்கலானது. ஒரே பெயரில் ஒற்றைக் கேபின், இரட்டைக் கேபின், இருசக்கர இயக்கம், நான்குசக்கர இயக்கம், குட்டைச் சரக்குத் தொட்டி, நீளச் சரக்குத் தொட்டி, பல நிலை வேரியன்ட்கள் என்று விற்கப்படுவதால், அடிநிலை வண்டிக்கும் உச்சநிலை வண்டிக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் இன்னொரு சிறு காரே வாங்கிவிடலாம் என்ற நிலைகூடச் சில மாடல்களில் உண்டு. ஷோரூமுக்குள் நுழைந்த பிறகு வேரியன்ட்டைத் தேர்ந்தெடுப்பவர், இருப்பில் எது இருக்கிறதோ அதற்கே நகர்த்தப்படுவார். இரண்டு டீலர்களின் விலைகளை ஒப்பிடும் வழியும் அத்துடன் அடைபடும்.

இதில் பாரம் ஏற்றும் திறனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வரும் அதிகபட்சப் பாரம் பெரும்பாலும் அந்த வரிசையிலேயே எடை குறைந்த வேரியன்ட்டுக்கு உரியது. அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,000 கிலோ, வண்டியின் சொந்த எடை 2,000 கிலோ என்றால் மீதமிருப்பது 1,000 கிலோ. அதில் ஐந்து பேர் ஏறினால் சுமார் 350 கிலோ போய்விடும். நான்குசக்கர இயக்கம், பெரிய சக்கரங்கள், இரும்புக் கார்டு, தொட்டி மூடி என்று கூட்டக் கூட்ட, எஞ்சிய 650 கிலோவும் தேயும். அதாவது அதிகப் பணம் கொடுத்து, குறைவாகச் சுமக்கும் வண்டியை வாங்குகிறோம். சொந்தப் பயணத்துக்கு வாங்குபவருக்கு இது பொருட்டல்ல. சரக்கை நம்பித் தவணை கட்டப்போகிறவருக்கு இதுதான் விலையைவிட முக்கியமான எண்.

வேரியன்ட், நிறம், கேபின், எஞ்சின் எல்லாம் ஒரு தாளில் எழுதிய பிறகு, குறைந்தது மூன்று டீலர்களிடம் அதே தாளைக் கொடுத்து எழுத்துமூலமாக விலை கேட்க வேண்டும். கேட்க வேண்டிய எண், வரி, பதிவு, இன்சூரன்ஸ், கட்டணங்கள் அனைத்தும் சேர்த்து வண்டி வாசலைவிட்டு வெளியே வருவதற்கான மொத்தத் தொகை. அரசுக்குப் போகும் வரியின் விகிதமும் பதிவுக் கட்டணமும் எல்லா டீலர்களிடமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அவற்றில் வித்தியாசம் இருந்தால், அதற்குள் வேறு ஏதோ சேர்க்கப்பட்டிருக்கிறது என்று பொருள். வாய்மொழி விலைக்கு மதிப்பில்லை. எழுதித் தர மறுக்கும் டீலரிடம் மேற்கொண்டு பேசுவதில் பயனில்லை என்பது என் கருத்து.

அமெரிக்காவில் புதிய கார்களின் கண்ணாடியில் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் விலையையும், கூடுதல் வசதிகளின் விலையையும், டீலரிடம் கொண்டு சேர்க்கும் கட்டணத்தையும் தனித்தனியே அச்சிட்டு ஒட்ட வேண்டும் என்ற சட்டம் 1958-இல் வந்தது. அதை முன்மொழிந்த செனட்டர் மைக் மன்ரோனியின் பெயரால் அந்தத் தாளை இன்றும் அழைக்கிறார்கள். அது நல்ல தொடக்கப் புள்ளி, ஆனால் அது டீலர் வாங்கிய விலை அல்ல. டீலருக்குப் போடப்படும் இன்வாய்ஸ் விலை அதைவிடக் குறைவு. இன்வாய்ஸ் விலையும்கூட இறுதி அடக்கம் அல்ல. ஏனென்றால், வண்டி விற்ற பிறகு சில சதவீதத்தைத் தயாரிப்பாளர் டீலருக்குத் திருப்பித் தரும் ஏற்பாடு பல நிறுவனங்களில் உண்டு. ஆகவே, ‘அடக்க விலைக்கே தருகிறேன்’ என்று ஒருவர் இன்வாய்ஸைக் காட்டும்போது அதைப் பொய் என்று எண்ணவும் வேண்டாம், தியாகம் என்று எண்ணவும் வேண்டாம். (அதே நாட்டில், கோழி இறைச்சி பற்றிய ஒரு வர்த்தகத் தகராறில் பிறந்து 1964 முதல் நடைமுறையில் இருக்கும் 25 சதவீத இறக்குமதி வரி இலகு ரக டிரக்குகளுக்கு வெளிநாட்டுப் போட்டியைக் குறைத்துவைத்திருக்கிறது. போட்டி குறைந்த இடத்தில் லாபம் தடித்திருப்பது இயல்பு. பேசுவதற்கான இடமும் அங்கேதான் இருக்கிறது.)

மாதக் கடைசியில் போனால் மலிவாகக் கிடைக்கும் என்பார்கள். அது பாதி உண்மை. டீலருக்கான ஊக்கத்தொகை விற்பனை இலக்கைப் பொறுத்தது என்பதால், இலக்குக்கு ஓரிரு வண்டிகள் குறைவாக நிற்கும் டீலர் கடைசி நாட்களில் வியக்கத்தக்க அளவு இறங்கி வருவார். இலக்கை ஏற்கெனவே தாண்டியவரும், எட்டவே முடியாதவரும் அசைய மாட்டார்கள். இதைவிட நம்பகமானது வண்டி எத்தனை நாளாக முற்றத்தில் நிற்கிறது என்பது. டீலர்கள் பெரும்பாலும் கடன் வாங்கித்தான் வண்டிகளை இருப்பில் வைக்கிறார்கள். நிற்கும் ஒவ்வொரு நாளும் வட்டி ஏறுகிறது. பல நாடுகளில் 17 இலக்கச் சேசிஸ் எண்ணின் பத்தாவது எழுத்து மாடல் ஆண்டைக் குறிக்கும்: 2024-க்கு ‘ஆர்’, 2025-க்கு ‘எஸ்’, 2026-க்கு ‘டி’ (T). புதிய மாடல் வந்துவிட்ட பிறகும் பழைய எழுத்தோடு நிற்கும் வண்டிக்குப் புதிய விலை கேட்டால், மறுவிற்பனையின்போது அந்த ஓராண்டு நம் தலையில்தான் விழும் என்பதைச் சொல்லி விலையைக் குறைக்கக் கேட்கலாம்.

இனி, என் மேசைக்கு வரும் தாள்களில் அதிகப் பணம் கரையும் இடத்துக்கு வருகிறேன். கொட்டேஷனின் மேலே விலை அச்சில் இருக்கும். கீழே ஓரத்தில், பேனாவால் ஓர் எண் எழுதப்பட்டு, இரண்டு முறை வட்டமிடப்பட்டிருக்கும். அது மாதத் தவணை. “மாதம் எவ்வளவு வரைக்கும் கட்டுவீங்க சார்?” என்ற கேள்விக்குப் பதில் சொன்ன கணத்திலேயே விலைப் பேரம் முடிந்துவிட்டது என்று பொருள். எந்த விலையையும் எந்தத் தவணைக்குள்ளும் அடக்கிவிடலாம். காலத்தை நீட்டினால் போதும்.

கணக்காகப் பார்ப்போம், நாணயம் எதுவானாலும் விகிதம் ஒன்றுதான். 10 லட்சம் கடன், ஆண்டுக்கு 10 சதவீதக் குறையும் வட்டி (கட்டக் கட்டக் குறையும் அசலுக்கு மட்டும் போடப்படும் வட்டி), 5 ஆண்டுகள் என்றால் மாதத் தவணை சுமார் 21,250. மொத்தம் கட்டுவது ஏறக்குறைய 12.75 லட்சம். அதையே 7 ஆண்டுகளுக்கு நீட்டினால் தவணை சுமார் 16,600-ஆக இறங்கும், மொத்தமோ 13.94 லட்சத்துக்கு ஏறும். ‘மாதம் 4,600 குறைத்துக் கொடுத்தேன்’ என்று சொல்லப்படுவதன் பின்னால் 1.19 லட்சம் கூடுதல் இருக்கிறது. ஷோரூமில் நாள் முழுக்கப் பேசி வாங்கிய தள்ளுபடி பெரும்பாலும் இந்தத் தொகையைவிடச் சிறியதாகவே இருக்கும்.

ஃபிளாட் ரேட் எனப்படும் வட்டி முறை இன்னும் கவனிக்க வேண்டியது. அதே 10 லட்சத்துக்கு 10 சதவீத ஃபிளாட் வட்டியில் 5 ஆண்டுகள் என்றால், முதல் மாதத்தில் இருந்த முழு அசலுக்கும் கடைசி மாதம்வரை வட்டி போடப்படுகிறது. மாதம் 25,000 வீதம் 15 லட்சம் கட்ட வேண்டியிருக்கும். குறையும் வட்டிக் கணக்கில் இது 17 சதவீதத்துக்கும் மேல். இரண்டு தாளிலும் ‘10%’ என்றே அச்சிட்டிருக்கும். ஆகவே, வட்டி எத்தனை என்று கேட்பதோடு நிறுத்தாமல், எந்த முறையில் என்றும், கடைசித் தவணை வரை மொத்தம் எவ்வளவு கட்டுவேன் என்றும் கேட்க வேண்டும். ஷோரூமுக்குப் போவதற்கு முன்பே உங்கள் வங்கியில் கடன் ஒப்புதல் வாங்கிவைத்திருந்தால், டீலர் தரும் வட்டியை ஒப்பிட ஓர் அளவுகோல் கையில் இருக்கும். பல இடங்களில் கடன் நிறுவனம் சொல்லும் வட்டிக்கு மேல் டீலர் தன் பங்கைச் சேர்த்தே நமக்குச் சொல்கிறார் என்பதால், அந்த வட்டியும் பேரத்துக்கு உட்பட்டதே.

ரொக்கத் தள்ளுபடி அல்லது குறைந்த வட்டி, இரண்டில் ஒன்று என்ற சலுகை வரும்போது, ‘குறைந்த வட்டிதானே நல்லது’ என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது. 60,000 தள்ளுபடி பெற்று 9.4 லட்சத்தை 10 சதவீதத்தில் வாங்குவதா, தள்ளுபடி இல்லாமல் 10 லட்சத்தை 7 சதவீதத்தில் வாங்குவதா என்று பாருங்கள். 5 ஆண்டுகளுக்கு என்றால் முதலாவதில் மொத்தம் சுமார் 11.98 லட்சம், இரண்டாவதில் 11.88 லட்சம், குறைந்த வட்டி வெல்கிறது. 3 ஆண்டுகளுக்கு என்றால் முதலாவதில் 10.92 லட்சம், இரண்டாவதில் 11.12 லட்சம், இப்போது தள்ளுபடி வெல்கிறது. எந்தச் சலுகை சிறந்தது என்பதைக் கடன் காலமே தீர்மானிக்கிறது.

பழைய வண்டியை மாற்றாகக் கொடுப்பவர்கள், புதிய வண்டியின் மொத்த விலை எழுத்தில் வரும்வரை அதைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது நல்லது. இரண்டையும் கலந்து பேசினால், எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று ஒரு கையில் கொடுத்துப் பழைய வண்டியின் மதிப்பில் மறு கையால் எடுத்துக்கொள்ள முடியும். வெளியே இரண்டு இடங்களில் மதிப்புக் கேட்டு வைத்துக்கொண்டால் இது நடக்காது. பழைய கடன் இன்னும் முடியவில்லை, வண்டியின் மதிப்போ கடன் பாக்கியைவிடக் குறைவு என்றால், அந்தப் பள்ளத்தைப் புதிய கடனுக்குள் சேர்த்து மூடித் தருகிறேன் என்பார்கள். அப்படி வந்த விண்ணப்பங்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும். முதல் நாளிலேயே வண்டியின் மதிப்பைவிடக் கடன் பெரிதாக இருக்கும். விபத்தில் வண்டி முழுதாகச் சேதமடைந்தால், இன்சூரன்ஸ் பணம் வந்த பிறகும் கடன் மிஞ்சும்.

கூடுதல் பொருட்களைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. தொட்டிக்குள் போடும் லைனர் சரக்கு ஏற்றுபவருக்கு உண்மையிலேயே தேவையானது. வெளியே என்ன விலை என்று கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். டயரில் நைட்ரஜன் நிரப்பியதற்கு ஒரு தொகை எழுதியிருந்தால், நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் என்பதை நினைவூட்டலாம். ‘ஹேண்ட்லிங்’, ‘டாக்குமெண்டேஷன்’ என்ற பெயர்களில் வரும் கட்டணங்கள் எதற்கு என்று வரிவரியாகக் கேளுங்கள். விளக்கம் வராத வரியை நீக்கச் சொல்லலாம், நீக்க முடியாது என்றால் அதே தொகையை வண்டி விலையில் குறைக்கச் சொல்லலாம். இன்சூரன்ஸை வெளியே எடுத்தால் தள்ளுபடி கிடையாது என்று சொல்லும் டீலரிடம், இரண்டு வழிக்கும் மொத்தத் தொகையைத் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். சில சமயம் அவர் சொல்வதே லாபமாகவும் இருக்கும்.

பேசும் முறையைப் பொறுத்தவரை, குரலை உயர்த்துவதாலோ சண்டை போடுவதாலோ ஒன்றும் குறைவதில்லை. தவணையைப் பற்றிக் கேட்டால், “அதை அப்புறம் பார்க்கலாங்க, எல்லாம் சேர்த்து வண்டி வெளியே வர எவ்வளவுன்னு எழுதிக் கொடுங்க” என்ற ஒரே பதிலை மரியாதையோடு எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம். மேனேஜரிடம் கேட்டு வருகிறேன் என்று விற்பனையாளர் எழுந்து போவதும், நீண்ட நேரம் காக்கவைப்பதும் நம் பொறுமையைக் களைப்பாக மாற்றும் வழக்கமான முறைகள். இன்று மட்டும்தான் இந்த விலை என்றால், நாளை வாருங்கள் என்று அவரே அழைக்க நல்ல வாய்ப்பிருக்கிறது. அதே சமயம், தட்டுப்பாடு உள்ள மாடலுக்கு இதெல்லாம் அவ்வளவாகப் பலிக்காது; அங்கே பட்டியல் விலைக்கு மேல் கொடுக்காமல் தப்பித்தாலே நல்ல பேரம்தான்.

விலை ஒத்துவந்த பிறகு முன்பணம் கட்டும்போது, எந்த நிபந்தனையில் அது திரும்பக் கிடைக்கும் என்பதையும், டெலிவரிக்குள் விலை ஏறினால் யார் பொறுப்பு என்பதையும் ரசீதிலேயே எழுதி வாங்க வேண்டும். பதிவுக்கு அனுப்பும் முன்பே ஒதுக்கப்பட்ட வண்டியை நேரில் பார்த்து, சேசிஸ் எண்ணை இன்வாய்ஸோடு ஒப்பிட வேண்டும். டயரின் பக்கச் சுவரில், நீள்வட்டத்துக்குள் பொதுவாக நான்கு இலக்கங்கள் இருக்கும்: 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. நான்கு டயர்களோடு தொட்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியையும் குனிந்து பாருங்கள். ஓடோமீட்டரில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இருந்தால், அது டெமோ வண்டியா, வேறு கிளையிலிருந்து ஓட்டிவரப்பட்டதா என்று கேட்டு, புதிய வண்டிக்கு ஒப்புக்கொண்ட விலையை மறுபடி பேசலாம். பதிவு முடிந்த பிறகு அப்படிப் பேசுவது மிகக் கடினமாகிவிடும்.