பிளம்பரை அழைக்க முன் நகரசபையை அழையுங்கள்: மரவேரால் கெட்ட கழிவுநீர்க் குழாய்க்கு மானியம்

சனிக்கிழமை இரவு. நிலவறைத் தரையிலுள்ள வடிகால் வாயால் கறுப்புத் தண்ணீர் மேலே வருகிறது. மேலே வயதான கணவன் மனைவி, கீழே வாடகைக்கு ஒரு குடும்பம். எனக்குத் தெரிந்த அந்தத் தம்பதி, யாரும் செய்வதைத்தான் செய்தார்கள். கையில் அகப்பட்ட முதல் பிளம்பரை அழைத்தார்கள். இரண்டு நாளில் முன்புல்வெளியைத் தோண்டி, பழைய களிமண் குழாயைக் கழற்றி, புதிய பிளாஸ்டிக் குழாய் போட்டாயிற்று. குழாய்க்குள் இருந்த வேர்க்கற்றை குப்பையோடு போய்விட்டது. வீட்டுக்கு முன்னால் நின்றது நகரசபையின் மேப்பிள் மரம். அவர்கள் இருக்கும் ஒன்ராறியோ நகரத்தில் இதற்கு மானியம் உண்டு என்று ஒரு மாதம் கழித்து உறவினர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. விண்ணப்பித்தார்கள். "எங்கள் ஆட்கள் வந்து பார்க்கவில்லை, வேர் எங்கள் மரத்தினுடையது என்பதற்குச் சான்று இல்லை" என்று கடிதம் வந்தது. அவர்களுக்குத் தகுதி இருந்தது. தோண்டுவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்திருந்தால் போதும்.

இதே கதையை வேறு வேறு வீடுகளில் கேட்டுவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

திட்டம் என்னவென்று சொல்ல அதிகம் இல்லை. கனடாவில் ரொறன்ரோ உட்பட சில நகரங்கள், நகரத்துக்குச் சொந்தமான மரத்தின் வேர் புகுந்து உங்கள் பக்கக் கழிவுநீர்க் குழாய் கெட்டுப்போனால், அதை மாற்றும் செலவில் ஒரு பகுதியைத் தருகின்றன. முழுச் செலவையும் தருவதில்லை, உச்சவரம்பு உண்டு. இது நட்டஈடு அல்ல, மானியம். நகரசபை தன்மேல் பிழை என்று ஒத்துக்கொண்டு கொடுக்கும் காசு அல்ல என்பதால், விதி ஒன்று தவறினாலும் "இல்லை" என்று சொல்ல அவர்களுக்கு வழி இருக்கிறது. விதிகள் நகரத்துக்கு நகரம் மாறும். உங்கள் நகரத்தின் தொகையையும் நிபந்தனைகளையும் அழைக்கும் அன்றே கேட்டு எழுதி வையுங்கள்.

முதல் பொறி: குழாய் யாருடையது? வீட்டிலிருந்து தெருவின் பிரதான குழாய்க்குப் போகும் குழாய் ஒன்றுதான், ஆனால் சொந்தக்காரர் இருவர். ரொறன்ரோவில் வீட்டிலிருந்து உங்கள் காணி எல்லை வரை உங்கள் பொறுப்பு. எல்லையிலிருந்து தெருக்குழாய் வரை நகரசபையின் பொறுப்பு. அடைப்பு எல்லைக்கு அப்பால் இருந்தால் அதைத் திருத்துவது அவர்கள் வேலை. அதற்கு மானியமே தேவையில்லை. இது தெரியாமல் நகரசபைப் பக்கத்துக் குழாயையும் தங்கள் காசில் தோண்டிப் போட்டவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காசைத் திரும்ப வாங்குவது மிகக் கடினம். எந்தப் பிளம்பராவது "தெரு வரைக்கும் மாற்றித் தருகிறேன்" என்றால், அவரை அங்கேயே நிறுத்துங்கள்.

இரண்டாவது பொறி: மரம் யாருடையது? இங்கேதான் எங்கள் தமிழ் ஆட்கள் தாங்களாகவே தோற்றுப்போகிறார்கள். "புல் வெட்டுவது நான், இலை கூட்டுவது நான், அப்போ என் மரம்தானே" என்று நினைத்து விண்ணப்பிக்காமலே விடுகிறார்கள். ரொறன்ரோவில் தெருவுக்கென்று ஒதுக்கிய நிலம் பல இடங்களில் நடைபாதையைத் தாண்டி, உங்கள் முன்புல்வெளி என்று நீங்கள் நினைக்கும் இடத்துக்குள் பல அடி வரும். அந்தத் துண்டில் நிற்கும் மரம் நகரத்துடையது. வீடு வாங்கியபோது வழக்கறிஞர் தந்த கோப்பில் நிலஅளவைப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் வீட்டுச் சுவரிலிருந்து காணி எல்லைக்கு எத்தனை அடி என்று இருக்கும். அந்த ஒரு எண் மரத்துக்கும் உதவும், குழாய்க்கும் உதவும்.

நேர்மாறான நிலையும் உண்டு. உங்கள் காணிக்குள் நீங்கள் நட்ட மரம், அல்லது பக்கத்து வீட்டுக்காரரின் மரம் என்றால் இந்த மானியம் இல்லை. அடிமரம் இரண்டு காணிகளின் எல்லைக்கோட்டிலேயே நின்றால், ஒன்ராறியோவின் வனவியல் சட்டப்படி அது இரு பகுதியாருக்கும் பொதுச் சொத்து. நகரசபையே ஒரு பகுதியாராக இருந்தால், அதை எப்படிக் கணக்கில் எடுப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

இனி அந்த அழைப்பு. ரொறன்ரோவில் நகரசபையின் தொலைபேசி இலக்கம் 311, நாள் முழுவதும், வாரம் ஏழு நாளும். சனி இரவும் எடுக்கலாம். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை, வெட்கப்பட ஒன்றுமில்லை. "நிலவறையில் கழிவுநீர் மேலே வருகிறது, வீட்டுக்கு முன்னால் நகரசபை மரம் நிற்கிறது, வேர் என்று சந்தேகிக்கிறேன்" என்ற மூன்றையும் சொல்லுங்கள். மரத்தைச் சொல்லாவிட்டால் அது சாதாரண அடைப்பாகப் பதிவாகும். பின்னர் அதை மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். முறைப்பாட்டு இலக்கம் தராமல் தொலைபேசியை வைக்க விடாதீர்கள். திகதி, நேரம், கதைத்தவரின் முதற்பெயர், இலக்கம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள்.

நகரசபை ஆட்கள் வரும்போது நிலவறைத் தரையிலுள்ள கிளீன்-அவுட் வாய், அதாவது குழாயைத் திறந்து பார்க்கவும் அடைப்பெடுக்கவும் உள்ள மூடி, திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வாடகைக்கு விடுவதற்காகத் தரைக்கு மேல் பலகையோ ஓடோ பதித்து அதை மூடிவிட்ட வீடுகள் ஏராளம். "வாயைக் காணவில்லை, பார்க்க முடியவில்லை" என்று எழுதிவிட்டுப் போனால் உங்கள் கோப்பு அங்கேயே படுத்துவிடும். பார்த்தவர் "வேர்தான், ஐயா" என்று வாயால் சொன்னதை நம்பி இருக்காதீர்கள். எழுதினீர்களா என்று கேளுங்கள். அந்த அறிக்கையில் "வேர்" என்ற சொல் இருக்கிறதா, எத்தனை அடியில் என்று இருக்கிறதா என்பதுதான் பின்னர் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

காத்திருக்க முடியாத நிலையும் வரும். வீட்டில் மலசலகூடம் வேலை செய்யாமல் குழந்தைகளை வைத்துக்கொண்டு இருக்க முடியாது. அப்படியானால் அடைப்பை எடுக்க மட்டும் பிளம்பரை விடுங்கள், தோண்ட விடாதீர்கள். கமெரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வீடியோவின் தொடக்கத்தில் முகவரியும் திகதியும் பதிவாக வேண்டும், திரையில் அடிக்கணக்கு ஓட வேண்டும், எந்த வாயிலிருந்து அளவு தொடங்குகிறது என்பது தெரிய வேண்டும். தாளில் எழுதிய அறிக்கை போதாது, வீடியோக் கோப்பையே வாங்குங்கள். வெளியே வந்த வேரைப் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். வேரை ஒரு பையில் போட்டு வையுங்கள்.

வேரை வெட்டி எடுப்பதோடு காரியம் முடிவதில்லை. பழைய களிமண் குழாய்கள் சிறு சிறு துண்டுகளாகப் பொருத்தப்பட்டவை. ஒவ்வொரு பொருத்தும் ஈரம் கசியக்கூடிய இடம். அந்த ஈரத்தைத் தேடி மயிர் போன்ற வேர் உள்ளே வரும், உள்ளே பெருக்கும், பொருத்தைப் பிளக்கும். வெட்டினால் திரும்ப வளரும். ஆண்டுக்கொரு முறை அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பழைய பற்றுச்சீட்டுகளை எறிய வேண்டாம். அடைப்பெடுத்த செலவுக்கு மானியம் கிடைக்காத நகரத்திலும், திரும்பத் திரும்ப வேர் வந்ததற்கு அவை சாட்சி.

நகரசபை வந்து பார்த்து வேர் என்று பதிவான பிறகும் அவசரப்பட வேண்டாம். வேலை தொடங்க முன் ஒப்புதல் வேண்டுமா, முடித்த பிறகு விண்ணப்பித்தால் போதுமா என்று கேளுங்கள். எத்தனை நாளுக்குள் என்றும் கேளுங்கள். ரொறன்ரோவில் நகரத்தின் மரத்தை அனுமதியின்றி வெட்டவும் முடியாது, காயப்படுத்தவும் முடியாது, மரம் எவ்வளவு சிறியதானாலும். தோண்டும்போது பெரிய வேரை அறுத்தாலும் அது காயப்படுத்தியதாகலாம். மானியம் கேட்கப் போய் அபராதக் கடிதத்தோடு வர வேண்டாம். அதே போல, ஒன்ராறியோவில் எங்கு தோண்டினாலும் நிலத்தடி எரிவாயுக் குழாய்களையும் மின்சாரக் கம்பிகளையும் முதலில் அடையாளமிட வேண்டும் என்பது சட்டம். 2012 முதல் இதற்கென்று சட்டமே இருக்கிறது. வீட்டுக்காரருக்கு இது இலவசம். பிளம்பர் செய்வார்தான், ஆனால் செய்தாரா என்று நீங்கள் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது காசு. "கையில் தந்தால் வரி இல்லை" என்ற பேச்சு வரும். 13 வீத விற்பனை வரி (எச்.எஸ்.டி) மிச்சம் என்று சம்மதித்தால் உங்களிடம் முறையான பற்றுச்சீட்டு இருக்காது. பற்றுச்சீட்டு இல்லாமல் மானியம் இல்லை. குழாய் வேலைக்கு நகரசபை உரிமம் தேவைப்படும் இடத்தில், உரிம இலக்கம் பற்றுச்சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை அடி குழாய், காணி எல்லைக்குள் எவ்வளவு, என்ன வகைக் குழாய் என்று தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். "டிரெயின் (வடிகால்) வேலை" என்று ஒரே வரியில் ஒரு தொகையைப் போட்ட பற்றுச்சீட்டைத் திருப்பி அனுப்புவது அலுவலகத்துக்கு மிக எளிது.

எங்கள் குடும்பங்களில் இன்னொன்று நடக்கும். வீடு அப்பாவின் பெயரில், வேலையைப் பேசியது மகன், கடனட்டை மருமகளுடையது. பற்றுச்சீட்டு மகன் பெயரில் வரும். விண்ணப்பம் அப்பா பெயரில் போகும். "பெயர் பொருந்தவில்லை" என்று திரும்பும். காணி உறுதியில் உள்ள பெயரிலேயே பற்றுச்சீட்டை எழுதச் சொல்லுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் விண்ணப்பிக்க முடியாது, வீட்டுக்காரர்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

வெள்ளத்தடுப்பு மானியத்தையும் இதையும் குழப்பாதீர்கள். ரொறன்ரோ, பின்னோட்டத் தடுப்பு வால்வு பொருத்தும் செலவில் 80 வீதம் வரை, ஒரு வரம்புக்குள், தருகிறது. நல்ல திட்டம்தான், ஆனால் அந்த வால்வு தெருக்குழாய் நிரம்பித் தண்ணீர் திரும்புவதைத் தடுக்கத்தான். வேர் அடைத்த குழாயில் உங்கள் வீட்டுத் தண்ணீரே வெளியேற வழியில்லாமல் நிற்கும். பிளம்பர் ஒருவர் "இதைப் போட்டால் சரி, மானியமும் வரும்" என்று சொல்லி விற்று, மூன்று மாதத்தில் அதே தண்ணீர் திரும்ப வந்த வீடு எனக்குத் தெரியும். காப்புறுதியையும் பாருங்கள். கழிவுநீர் பின்னோட்டத்துக்கான காப்பு பெரும்பாலும் தனியாகச் சேர்க்க வேண்டியது. அது இருந்தாலும் நனைந்த பொருட்களுக்கும் தரைக்கும்தான் பெரும்பாலும் உதவும், உடைந்த குழாய்க்கு அல்ல.

இவ்வளவும் செய்த பிறகும் அலைக்கழிப்பு வரும். தண்ணீர்ப் பிரிவைக் கேட்டால் மரப்பிரிவைக் கேள் என்பார்கள். மரப்பிரிவு குழாய் எங்கள் வேலை இல்லை என்று சொல்லும். ஒவ்வொரு இடத்திலும் புதிய முறைப்பாடு போடாதீர்கள், அது கதையைத் துண்டு துண்டாக்கிவிடும். முதல் இலக்கத்தையே சொல்லி, இரு பிரிவின் பதிலும் அதே கோப்பில் சேர வேண்டும் என்று கேளுங்கள். தொலைபேசியில் கதைத்ததை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். "தகுதி இல்லை" என்பது காரணம் அல்ல, எந்த விதியின்படி என்று கேளுங்கள். பிறகு உங்கள் தொகுதியின் நகரசபை உறுப்பினரின் அலுவலகத்துக்கு எழுதுங்கள். நீண்ட கடிதம் வேண்டாம். முறைப்பாட்டு இலக்கம், நகரசபை ஆட்கள் வந்த திகதி, நிலஅளவைப் படத்தின் பிரதி, வீடியோ, பற்றுச்சீட்டு, மறுப்புக் கடிதம். அங்கு தொலைபேசி எடுக்கும்போதும் நடந்த துன்பத்திலிருந்து தொடங்காமல் இலக்கத்திலிருந்து தொடங்குங்கள். இலக்கத்தைச் சொன்னால் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அடுத்ததைக் கேட்பார்கள்.