சர்க்கரை மாத்திரைக்காகச் செதுக்கிய என்சைம்

மாத்திரை செய்கிற தொழிற்சாலையில் என்சைமுக்கு, அதாவது வேதிவினைகளை வேகப்படுத்தும் புரதத்துக்கு, என்ன வேலை என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவருடைய அப்பா சர்க்கரைக்கு சிட்டாகிளிப்டின் சாப்பிடுகிறாராம். சரி, அதை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த கதை அதுதான்.

மூலக்கூறுகளில் இடக்கை, வலக்கை என்று இரண்டு வடிவம் உண்டு என்பது பள்ளியில் படித்ததுதான். சிட்டாகிளிப்டினில் நமக்கு வேண்டியது ஒரு கை மட்டும். மெர்க் கம்பெனி முதலில் அதைச் செய்ய ரோடியம் என்ற விலை உயர்ந்த உலோகத்தை வைத்து, 250 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்தியது. கார் டயருக்கு நாம் அடிப்பது முப்பதுக்குக் கொஞ்சம் மேலேதான், யோசித்துப் பாருங்கள். அப்படியும் வேண்டாத கை கொஞ்சம் கலந்தே வந்தது. அப்புறம் ரோடியத்தை நீக்க வேண்டும், மறுபடியும் படிகமாக்கிச் சுத்தம் செய்ய வேண்டும்.

இதே வேலைக்கு ட்ரான்ஸ்அமினேஸ் என்ற என்சைம் வகை இயற்கையிலேயே இருக்கிறது. ஈரல் பரிசோதனை ரிப்போர்ட்டில் எஸ்ஜிபிடி என்று பார்த்திருப்பீர்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான். ஒரு மூலக்கூறிலிருந்து அமீன் என்ற நைட்ரஜன் தொகுதியைக் கழற்றி, பி6 வைட்டமினின் ஒரு வடிவத்தின் மேல் தற்காலிகமாக உட்கார வைத்து, இன்னொரு மூலக்கூறில் மாட்டிவிடும். எந்தப் பக்கமிருந்து மாட்டுவது என்பதை, மூலக்கூறு வந்து உட்காரும் என்சைம் குழியின் வடிவமே தீர்மானிப்பதால், ஒரே கைதான் வரும்.

சிக்கல் என்னவென்றால், எடுத்துக்கொண்ட என்சைமில் ஒரு பெரிய குழி, ஒரு சின்னக் குழி. சின்னதில் மெத்தில், அதாவது ஒரே ஒரு கார்பன் உள்ள சின்னத் தொகுதி, அளவுக்குத்தான் இடம். சிட்டாகிளிப்டினாக மாற வேண்டிய முன்னோடி மூலக்கூறு இரண்டு பக்கமும் பருமன், உள்ளேயே போகவில்லை. மெர்க்கும், என்சைம்களை வடிவமைக்கும் கோடெக்சிஸ் கம்பெனியும் செய்த தந்திரம் அழகானது: ஒரு பக்கத்தை வெட்டி மெத்தில் ஆக்கிய மூலக்கூறைக் கொடுத்து, முதலில் பெரிய குழியை மட்டும் அகலப்படுத்தினார்கள். அதன் பிறகே சின்னக் குழி. அப்போது நிஜ மூலக்கூறைப் போட்டால், லிட்டருக்கு 2 கிராம் சரக்குக்கு 10 கிராம் என்சைம் விட்டு, ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து, மருந்தாக மாறியது 0.7 சதவீதம்! எனக்கு உடம்பு சிலிர்ப்பது இந்த இடத்தில்தான், ஏனென்றால் பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம், 0.7 அப்படியில்லை. என்சைமின் அமினோ அமிலங்களில் செய்த மாற்றங்களைக் கலந்து, நல்லதைப் பொறுக்கி, மறுபடி கலந்து, 11 சுற்றில் 27 மாற்றங்கள். கடைசியில் லிட்டருக்கு 200 கிராம் சரக்கை 6 கிராம் என்சைம் மாற்றியது, 99.95 சதவீதத்துக்கும் மேல் சரியான கை. ரோடியமும் இல்லை, உயர் அழுத்தக் கலனும் இல்லை. கழிவு 19 சதவீதம் குறைந்தது, இருக்கிற கலன்களிலேயே உற்பத்தித் திறன் 53 சதவீதம் கூடியது.

என்சைமில் செய்ததால் இது "இயற்கை மருந்து", கெமிக்கல் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு வழியிலும் வருவது அதே மூலக்கூறு.

இப்படிச் சுற்றுச் சுற்றாகப் பொறுக்கும் முறைக்குத்தான் அமெரிக்க விஞ்ஞானி பிரான்சஸ் அர்னால்டுக்கு 2018-ல் வேதியியல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது. 1993-ல் அவர் செய்தது, பால் புரதத்தை உடைக்கும் ஒரு என்சைமை, வழக்கமான தண்ணீருக்குப் பதில் கரிமக் கரைப்பானில் வேலை செய்யப் பழக்கியதுதான். சர்க்கரை நோய்க்கும் அதற்கும் அன்றைக்கு ஒரு தொடர்பும் கிடையாது. மெர்க்கின் கலனிலும் பாதிக்குப் பாதி கரைப்பான்தான். "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்று கேட்டுத்தான் பணம் கொடுப்பேன் என்கிற நிதிக்குழு, 1993-ல் அந்த விண்ணப்பத்தை ஓரமாகத்தான் வைத்திருக்கும். நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களிலும் இந்த மாதிரி விண்ணப்பங்களுக்குப் பணம் வேண்டும் என்பது என் கட்சி.