எல்லாத் தடையும் ஊரடங்கு ஆகுமா?

புதிய வைரஸ் ஒன்று எங்கோ தலைகாட்டியது என்று செய்தி வந்த மறுநாளே தருமபுரிப் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் எழும் முதற்கேள்வி, அந்நோய் எப்படிப் பரவுகிறது என்பதன்று; “மறுபடியும் ஊரடங்கு போடுவாங்களா?” என்பதுதான். 2025 ஜனவரியில் மூச்சுப்பாதையைத் தாக்கும் எச்.எம்.பி.வி. தொற்று சென்னையில் ஒருவருக்கும் சேலத்தில் ஒருவருக்கும் இருப்பதாக அறிவிக்கப்பட்டபோதும் இக்கேள்விதான் எழுந்தது. அது 2001-லேயே நெதர்லாந்தில் அடையாளம் காணப்பட்ட வைரஸ் என்பது பலர் காதில் விழவே இல்லை. மாரியம்மன் திருவிழாவுக்கு இந்த ஆண்டு வெளியூர்க் கூட்டத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னால் போதும், “அப்படியென்றால் ஊரடங்கு வேண்டும் என்கிறீர்களா?” என்று மற்றவர் சண்டைக்கு வருகிறார். முன்னவர் கேட்டதோ ஆள் எண்ணிக்கையில் ஒரு குறைப்பு; பின்னவர் எதிர்ப்பதோ ஊர் முழுவதும் வீட்டுக்குள் அடைபடுவதை. இருவரும் இரண்டு வேறு பொருள்களைப் பற்றி ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள்.

ஊரடங்கு என்பது ஊர், அடங்கு என்ற இரண்டு நல்ல தமிழ்ச் சொற்களின் கூட்டு. அடங்குதல் தன்வினை, அடக்குதல்தான் பிறவினை. ஓசையும் நடமாட்டமும் தாமே ஓய்ந்து ஊர் அமைதி கொள்வதே இச்சொல்லின் இயல்பான பொருள். “ஊரடங்கின பிறகு வா” என்று நம் பாட்டிமார் சொன்னது இரவு ஒன்பது, பத்து மணியைத்தானே தவிர, எந்த ஆட்சியரின் ஆணையையும் அன்று. குறுந்தொகையின் ஆறாம் பாடலில் பதுமனார் நள்ளிரவைச் சொல்லும்போது “சொல்லவிந்து இனிதடங்கினரே மாக்கள்” என்கிறார். பேச்சு அவிந்து மக்கள் இனிதாக அடங்கினர் என்னும் அந்த வரியில் இச்சொல்லின் முழுக் கருவும் இருக்கிறது. பிற்காலத்தில் கர்ஃபியூ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நிகராக ‘ஊரடங்கு உத்தரவு’ வந்தது. அந்த ஆங்கிலச் சொல்லும் பழைய பிரெஞ்சில் ‘தீயை மூடு’ என்ற பொருளுடையது. மாலையில் மணியடித்ததும் அடுப்பு நெருப்பை மூடிவிட்டு உறங்கச் செல்லும் வழக்கிலிருந்து பிறந்தது. இரண்டிலும் இரவு இருக்கிறது, குறித்த நேரம் இருக்கிறது, தெரு வெறிச்சோடுதல் இருக்கிறது. ஆகவே அந்த மொழிபெயர்ப்பு மிகப் பொருத்தமானது. அதன்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. குறையெல்லாம் அச்சொல்லைப் பிறகு எதெதற்கோ இழுத்தார்களே, அதில்தான்.

கர்நாடக எல்லையோரத்தில் வாழும் நமக்கு, கூட்டம் கூடத் தடை வேறு, ஊரடங்கு வேறு என்பது தெரியாததும் அன்று. 2016 செப்டம்பரில் காவிரிச் சிக்கலையொட்டிப் பெங்களூருவில் கலவரம் மூண்டபோது நகர் முழுவதும் 144 தடையாணை இருந்தது. அதன்மேல் 16 காவல் நிலைய எல்லைகளில் மட்டும் ஊரடங்கும் விதிக்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பேருந்துகள் ஓசூரோடு நின்றுவிட, அத்திப்பள்ளி வழியாக நடந்தே வந்தவர்கள் உண்டு. எந்தப் பகுதியில் தனியாக நடந்து போகலாம், எந்தப் பகுதியில் தெருவில் தலைகாட்டவே கூடாது என்பது அன்று அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. கன்னடச் செய்தித்தாள்கள் முன்னதை ‘நிஷேதாஜ்ஞெ’ என்றும் பின்னதைக் ‘கர்ஃப்யூ’ என்றும் பிரித்தே எழுதுகின்றன. ஒன்று வடமொழி, மற்றது ஆங்கிலம். தூய கன்னடம் இரண்டிலும் இல்லை. ஆனாலும் வாசகனுக்குக் குழப்பம் இல்லை.

குழப்பத்துக்குச் சட்டத்திலும் ஒரு வேர் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆம் பிரிவாகிவிட்டது (மக்கள் வாயில் இன்னும் 144-தான், அது மாறப்போவதும் இல்லை). ஐந்து பேருக்கு மேல் கூடாதே என்று ஆணையிடுவதும் அப்பிரிவின்கீழ். வெளியே வராதே என்று ஆணையிடுவதும் பெரும்பாலும் அதே பிரிவின்கீழ். பிரிவு ஒன்றாக இருப்பதால் செயலும் ஒன்றுதான் என்று செய்தியாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். பூட்டும் திறவுகோலும் ஒரே கடையில் கிடைப்பதால் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தது போன்ற செயல் அது.

2020-இல் நடந்ததைக் கொஞ்சம் நினைவுகூர்வோம். மார்ச் 22 அன்று காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை ‘மக்கள் ஊரடங்கு’. மார்ச் 24 மாலை 6 மணி முதல் தமிழ்நாடு முழுவதும் 144. மறுநாள் முதல் 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் நாடு முழுவதற்கும் 21 நாள் முடக்கம். மூன்றும் மூன்று வகை. முதலாவது, பெயரளவிலேனும் மக்கள் தாமாக அடங்குவது. இரண்டாவது, கூடுவதைத் தடுப்பது. மூன்றாவது, ஆலை, போக்குவரத்து, பள்ளி, கோயில், அலுவலகம் என்று பொதுவாழ்வின் எல்லா இயக்கங்களையும் நிறுத்துவது. தமிழில் மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்தோம்: ஊரடங்கு.

அந்த ஒரே பெயர் பிறகு பெற்ற அடைமொழிகளைப் பாருங்கள்: இரவு ஊரடங்கு, ஞாயிறு ஊரடங்கு, முழு ஊரடங்கு, தளர்வுகளுடன் கூடிய ஊரடங்கு, 2021 மே மாதத்தில் தளர்வுகளற்ற முழு ஊரடங்கு. அடங்கிய ஊர் எப்படித் தளரும்? முழு ஊரடங்கு என்று சொன்ன பிறகும் ‘தளர்வுகளற்ற’ என்று ஒரு முட்டு தேவைப்பட்டது ஏன்? அச்சொல்லின் பொருள் அதற்குள் அத்தனை கரைந்துபோயிருந்தது என்பதே காரணம். 2020 செப்டம்பரில் மாவட்டங்களுக்கிடையே பேருந்துகள் ஓடின. நவம்பர் 10 அன்று திரையரங்குகள் பாதி இருக்கைகளோடு திறந்தன. அப்போதும் அரசுக் குறிப்பின் தலைப்பு ‘ஊரடங்கு நீட்டிப்பு’ என்றே இருந்தது. ஊரடங்கில் இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு வீடு திரும்பிய முதல் மக்கள் நாமாகத்தான் இருப்போம்.

இதைச் சொன்னால் தனித்தமிழ் அன்பர்கள் சிலர் என்னோடு மல்லுக்கு நிற்கிறார்கள். அவர்கள் வாதம் இது: ஊரடங்கு தூய தமிழ், பாமரருக்கும் புரிகிறது, காலப்போக்கில் சொல்லின் பொருள் விரிவது இயற்கை, இன்னொரு சொல் எதற்கு? தூய்மையில் எனக்கும் பற்று உண்டு. ‘உத்தரவு’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஆணை’ என்று எழுதுபவன்தான் நான். ஆனால் பொருள் விரிவது வேறு, பொருள் அழிவது வேறு. எண்ணெய் என்ற சொல் எள்ளின் நெய்யிலிருந்து விரிந்து கடலை எண்ணெய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் ஆகி வந்தபோது, நல்லெண்ணெய் என்ற தனிப்பெயர் எள்ளுக்கு மிஞ்சியது; யாரும் குழம்பவில்லை. ஊரடங்கு விரிந்தபோது அப்படி ஒரு தனிப்பெயர் எதற்கும் மிஞ்சவில்லை. நாளைக்கு ஓர் ஊரில் உண்மையிலேயே கலவரம் மூண்டு கர்ஃபியூ விதிக்க நேர்ந்தால், ‘ஊரடங்கு’ என்று கேட்கும் இளைஞன் மளிகைக் கடை காலை பத்து மணி வரை இருக்கும் என்றெண்ணிப் பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குவான்.

லாக்டவுன் என்னும் முடக்கத்துக்குப் ‘பொது முடக்கம்’ என்று ஒரு சாரார் எழுதினார்கள், அதுவே சரி. முடக்குவாதத்தை நினைவூட்டுகிறதே என்று ஓர் ஐயம் எழுப்பப்படுகிறது. நினைவூட்டட்டும், 2020 கோடையில் இந்த நாட்டுக்கு வந்தது அதுதானே. மூல ஆங்கிலச் சொல்லோ சிறைக் கைதிகளை அறைகளுக்குள் வைத்துப் பூட்டும் வழக்கிலிருந்து வந்தது. அதைவிட முடக்கம் மென்மையானதே. ‘முழு அடைப்பு’ என்பதை மட்டும் ஏற்க முடியாது. அது கட்சிகளும் வணிகர்களும் நடத்தும் போராட்டத்தின் பெயராக முன்பே நிலைத்துவிட்டது.

சிக்கல் உள்ள இடம், கூட்டத்தின் அளவைக் குறைக்கும் ஆணைக்கு என்ன பெயர் என்பதுதான். இன்றைய விவாதமெல்லாம் உண்மையில் அதைப் பற்றியது. ‘கூடல் தடை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அகப்பொருளில் கூடல் என்றால் தலைவனும் தலைவியும் சேர்வது என்று அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. கூடல் மதுரையின் பழம்பெயரும் ஆதலால், மதுரைக்காரர்கள் தங்கள் ஊருக்கே தடை என்று எண்ணவும் இடமுண்டு. ‘ஒன்றுகூடல் தடை’ என்ற இலங்கை வழக்கு பிழையற்றது. ஆனால் முற்றிலும் தடுப்பதை மட்டுமே அது சொல்லும், குறைப்பதைச் சொல்லாது. ‘திரள் தடை’ காதுக்கு அயலாக இருக்கிறது. ‘கூட்டக் கட்டுப்பாடு’ என்பது செய்தித்தாள்களில் அவ்வப்போது வருகிறது, கேட்பதற்கும் இயல்பாக இருக்கிறது. எனவே அதைத்தான் சற்று விரிவாக மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, கூட்டக் கட்டுப்பாடு என்றால் சேர்ந்துவிட்ட கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது என்றே எவரும் பொருள் கொள்வர். ஆடிப்பெருக்கு நாளில் ஒகேனக்கல்லில் காவலர்கள் கயிறு கட்டி, வரிசை பிரித்து, ஆற்றங்கரையில் நெரிசலைத் தவிர்க்கிறார்களே, அதுதான் கூட்டக் கட்டுப்பாடு. அங்கே கூட்டம் வருவது குற்றமன்று. வந்த கூட்டம் நெரியக்கூடாது, அவ்வளவே. நோய்க்காலத்திலோ கூட்டம் சேர்வதே ஆபத்து. இரண்டாவது, நம் மாவட்டங்களில் ‘கட்டுப்பாடு’ என்ற சொல்லுக்கு ஒரு கசப்பான நிழல் இருக்கிறது. ஊர்க்கட்டுப்பாடு என்றால் ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு குடும்பத்தை ஒதுக்கிவைப்பது. தண்ணீர் கொடுக்காதே, நெருப்புக் கொடுக்காதே, நல்லது கெட்டதுக்குப் போகாதே என்பது. அதை அனுபவித்த குடும்பத்தாரிடம் போய் உங்கள் வீட்டுத் திருமணத்துக்குக் கட்டுப்பாடு என்று சொல்லிப் பாருங்கள். சென்னையில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பவருக்கு இந்த நிழல் தெரிய நியாயமில்லை. ஆனால் அவர் எழுதும் குறிப்புத்தான் பென்னாகரத்திலும் தேன்கனிக்கோட்டையிலும் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் வாசிக்கப்படுகிறது. மூன்றாவது, கட்டுப்பாடு என்பதில் அளவு இல்லை. எத்தனை பேர் என்ற எண்தான் இவ்வாணையின் உயிர்.

நான் முன்வைப்பது ‘கூட்ட வரம்பு’. வரம்பு என்றால் எல்லை. வயல் வரப்புக்கும் அதுவே பெயர், ஆகவே உழவனுக்கு விளக்கவேண்டிய தேவை இல்லை. ‘திருமணத்துக்குக் கூட்ட வரம்பு 50, இறுதிச் சடங்குக்கு 20’ என்று எழுதினால் எண் சட்டென்று ஒட்டிக்கொள்கிறது. வரம்பை உயர்த்தலாம், தாழ்த்தலாம், நீக்கலாம். ‘தளர்வுகளுடன் கூடிய’ என்ற நொண்டி அடைமொழி தேவைப்படாது. உண்மையில் 2020-இன் அரசாணைகளுக்குள்ளேயே ‘50 பேருக்கு மிகாமல்’ என்ற தெளிவான தொடர் இருந்தது. தலைப்பை எழுதியவர்தான் உள்ளே போகாமல் ஊரடங்கு என்று எழுதிவிட்டுப் போனார். முற்றிலும் கூடக்கூடாது என்னும்போது ‘கூட்டத் தடை’ என்க.

இப்படிப் பிரித்துச் சொன்னால்தான் விவாதமும் விவாதமாக இருக்கும். நிப்பா வைரஸ் 2018-இலும் 2023-இலும் கோழிக்கோட்டில் பரவியபோது பொதுக் கூட்டங்களுக்கு வரம்பும் தடையும் இருந்தன. குறிப்பிட்ட பகுதிகள் மட்டும் அடைக்கப்பட்டன. மாவட்டம் முழுவதும் வீட்டுக்குள் முடங்கவில்லை. அதைப் போன்ற ஓர் ஏற்பாட்டை இங்கே ஒருவர் பரிந்துரைத்தால் அதை ஏற்பதற்கும் மறுப்பதற்கும் நியாயங்கள் உண்டு. சன்னல் அடைத்த குளிரூட்டிய மண்டபத்தில் நூறு பேர் உட்கார்ந்து உண்பதும், அறுவடை முடிந்த வயலில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தை நூறு பேர் பார்ப்பதும், காற்றில் பரவும் நோய்க்கு ஒன்றல்ல. அப்படியானால் மண்டபத்துக்கு ஒரு வரம்பும் கூத்து நடக்கும் படுகளத்துக்கு வேறொரு வரம்பும் ஏன் இருக்கக் கூடாது? எருது விடும் விழாவில் ஓடும் காளைகளுக்கு வரம்பா, வேடிக்கை பார்ப்பவர்களுக்கு வரம்பா? கூத்துக் கலைஞரும் பந்தல்காரரும் சமையல்காரரும் அந்தச் சில மாதங்களில் இழக்கும் கூலிக்கு யார் பொறுப்பு? இவையெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள். ‘ஊரடங்கு வேண்டுமா வேண்டாமா’ என்று கேட்ட மாத்திரத்தில் எல்லாம் அடிபட்டுப்போய், 2020-இன் பட்டினியும் நடைப்பயணமும் மட்டுமே எல்லார் கண்முன்னும் வந்து நிற்கின்றன. யாரும் வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது.

பழங்காலத்தில் மட்டும் என்ன செய்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. 1898-இல் பெங்களூருவில் பிளேக் பரவியது. இன்றும் அங்கும் கோயம்புத்தூரிலும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. அந்த நோய்க்கு மக்கள் செய்தது ஊரைக் காலி செய்துவிட்டு வயல்வெளியில் குடிசை போட்டுத் தங்கியது. ஊர் அடங்கவில்லை, கலைந்தது.

வாரச் சந்தைக்கு மட்டும் கூட்ட வரம்பு பொருந்தாது என்று ஒரு நண்பர் மறுக்கிறார், அது சரியே. 2022 ஜனவரியில் ஞாயிறுதோறும் முழு முடக்கம் விதித்தபோது ஞாயிற்றுக்கிழமை கூடும் போச்சம்பள்ளிச் சந்தைக்கு வாரத்தில் இருந்த ஒரே நாளும் போயிற்று. ஆட்டைக் கொண்டுவருபவனையும் துணி விற்பவனையும் வாசலில் நின்று எண்ணி உள்ளே விடவும் முடியாது. அங்கே வேண்டியது ஆளின் எண்ணிக்கையில் குறைப்பு அன்று, கடைக்குக் கடை இடம் விடுவது. 2020-இல் பல ஊர்களில் காய்கறிச் சந்தையைப் பேருந்து நிலையத்துக்கும் பள்ளி மைதானத்துக்கும் மாற்றியது அதற்காகத்தான். அதையும் அன்று ‘சமூக இடைவெளி’ என்று சுண்ணாம்பில் எழுதிவைத்தார்கள். சமூகங்களுக்கிடையே இடைவெளி இந்த மண்ணில் ஏற்கெனவே வேண்டிய அளவுக்கு இருக்கிறது. உலகச் சுகாதார அமைப்பே 2020 மார்ச்சில் அந்த ஆங்கிலத் தொடரைக் கைவிட்டு உடல் சார்ந்த இடைவெளி என்று மாற்றிக்கொண்டது. ‘ஆறடி விட்டுக் கடை போடவும்’ என்று எழுதியிருந்தால் மொழிபெயர்ப்பே தேவைப்பட்டிருக்காது.