எல்டர் – மூப்பர்: ஒரு சொல் விளக்கம்

பதினெட்டு வயது நிரம்பிய இளைஞர் ஒருவரை 'எல்டர்' என்று அழைக்கும் வழக்கம் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் இருக்கிறது. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ப்பொருள் 'வயதில் மூத்தவர்' என்பது. இதைத் தமிழில் பெயர்க்க வருபவர் அகராதியைப் பார்த்து 'முதியவர்' என்று எழுதினால், '19 வயது முதியவர் மிதிவண்டியில் வந்தார்' என்பது போன்ற வாக்கியம் பிறந்து வாசகரைத் திகைக்க வைக்கும். அதற்கு அஞ்சி 'எல்டர்' என்றே ஒலிபெயர்த்துவிட்டால் வாசகருக்குப் பொருள் எதுவும் சென்றுசேராது. இரண்டுக்கும் மாற்றாக நல்ல தமிழ்ச் சொல் ஒன்று நெடுங்காலமாக வழக்கில் இருக்கிறது என்பதால், அதை விளக்குவது பயன் தரும் என்று நினைக்கிறேன்.

முதலில் சபையின் பெயரைத் தெளிவுபடுத்த வேண்டும். இவர்களைப் பலரும் 'மார்மன்கள்' என்று அறிந்திருக்கிறார்கள். மார்மன் புஸ்தகம் என்னும் அவர்களது மறைநூலின் பெயரிலிருந்து வெளியார் வைத்த பட்டப்பெயர் அது. சபையின் தலைவராயிருந்த ரசல் நெல்சன், முழுப்பெயராலேயே சபையைக் குறிப்பிடும்படி 2018இல் கேட்டுக்கொண்டார். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட இச்சபையின் இளைஞர்கள் 24 மாதங்களும் இளம்பெண்கள் 18 மாதங்களும் ஊழியத்துக்கு, அதாவது சமயத்தைப் பரப்பும் பணிக்கு, செல்கிறார்கள். எந்த நாட்டுக்குச் செல்வது என்பதை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. சபைத் தலைமையிடமிருந்து வரும் அழைப்புக் கடிதமே அதைச் சொல்லும். ஆண்கள் புறப்படுவதற்கான குறைந்தபட்ச வயது 2012 அக்டோபரில் 19இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. 'எல்டர்' என்னும் சொல்லுக்கும் அதைத் தாங்குபவரின் வயதுக்கும் உள்ள இடைவெளி அன்று இன்னும் ஓராண்டு கூடியது.

இனிச் சொல்லின் வேருக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் முதுமையைக் குறித்த 'எயல்ட்' என்ற சொல்லின் ஒப்பீட்டு வடிவத்திலிருந்து வந்தது 'எல்டர்'. 'இன்னாரைவிட மூத்தவர்' என்பதுதான் அதன் பழம்பொருள். அதே வேரிலிருந்து வந்த 'ஆல்டர்மேன்' (நகரமன்ற உறுப்பினர்) என்ற சொல்லைச் சென்னை நகரம் நன்கு அறியும். 1688இல் மதராஸ் மாநகராட்சி நிறுவப்பட்டபோது மேயரோடு 12 ஆல்டர்மேன்கள் அமர்ந்தார்கள். அவர்களை அமர்த்தியது பதவி, நரை அன்று. வயதைக் குறிக்கும் சொல் காலப்போக்கில் தலைமையைக் குறிக்கும் சொல்லாக மாறுவது பல மொழிகளுக்குப் பொதுவான போக்கு. இலத்தீன் மொழியில் 'மூத்தவர்' என்று பொருள்பட்ட 'சீனியர்' என்பதிலிருந்தே ஆங்கில 'சர்' பிறந்தது. அரபியில் 'ஷெய்க்' என்றால் முதியவர், தலைவரும் அவரே.

ஆனால் இச்சபை தனது சொல்லை ஆங்கிலேயரின் நகராட்சியிலிருந்து எடுக்கவில்லை, ஆங்கில விவிலியத்திலிருந்து எடுத்தது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் 'பிரெஸ்பிட்டெரொஸ்' என்றுள்ள இடத்தில்தான் ஆங்கிலம் 'எல்டர்' என்கிறது. அதுவும் ஒப்பீட்டு வடிவமே. அதன் பொருளும் 'மூத்தவர்' என்பதே. அதே கிரேக்கச் சொல் இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குள் வேறொரு பாதையில் நுழைந்து 'பிரீஸ்ட்' ஆனது. பழைய ஏற்பாட்டின் எபிரெய மொழியில் மூப்பரைக் குறிக்கும் சொல் 'சாக்கேன்'. தாடியைக் குறிக்கும் சொல் 'சாக்கான்'. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. தாடி வளர்ந்தவரே மூப்பர் என்று எண்ணிய ஒரு சமூகத்தின் சொல், ஒவ்வொரு நாள் காலையிலும் முகத்தை மழித்துக்கொள்ள வேண்டும் என்ற விதிக்கு உட்பட்ட இளைஞரின் பெயருக்கு முன்னால் வந்து நிற்கிறது. இந்தச் சொல் நடந்துவந்த தொலைவை அறிய இந்த ஒரு செய்தி போதும்.

சபைக்குள் இச்சொல்லுக்கு இரண்டு பயன்பாடுகள் உள்ளன. அவற்றைப் பிரித்தறியாமல் தமிழாக்கத்தில் இறங்கக் கூடாது. ஒன்று பதவி. மெல்கிசேதேக்கு ஆசாரியத்துவம் என்று அவர்கள் சொல்லும் குருத்துவ நிலையின் ஒரு படி அது. தகுதியுள்ள ஆண்கள் 18ஆம் வயதிலிருந்து தலைமேல் கைவைத்து நியமிக்கப்படலாம். சபை நியூயார்க் மாநிலத்தின் ஃபேயெட் என்னும் ஊரில் 1830 ஏப்ரல் 6 அன்று அமைக்கப்பட்டபோது, அதன் நிறுவனர் ஜோசப் ஸ்மித்தும் அவருடைய உதவியாளர் ஆலிவர் கவுடரியும் ஒருவரையொருவர் இப்பதவிக்கு நியமித்துக்கொண்டார்கள். அன்று ஸ்மித்துக்கு 24 வயது, கவுடரிக்கு 23. முதல் நாளிலிருந்தே இது இளையோர் தாங்கிய பெயர்தான். மற்றொன்று விளி. ஊழியத்தில் இருக்கும் இளைஞரையும், சபையின் உயர்தலைவர்களான பன்னிரு அப்போஸ்தலருள் ஒருவராகிய தொண்ணூறு வயதுக்காரரையும் ஒரே முறையில் 'எல்டர்' என்று சொல்லிக் குடும்பப் பெயரைச் சேர்த்து அழைப்பார்கள். பெண் ஊழியர்கள் 'சிஸ்டர்', அதாவது சகோதரி, என்று அழைக்கப்படுகிறார்கள். அவர்களுக்கு ஆசாரியத்துவப் பதவி இல்லை என்பதால் அது விளி மட்டுமே.

ஜப்பானில் இந்த விளியைப் பார்த்தால் அதன் இயல்பு நன்றாகப் புலப்படும். 1901 ஆகஸ்டு 12 அன்று யோகோகாமா துறைமுகத்தில் இச்சபையின் முதல் ஊழியர்கள் நால்வர் இறங்கினார்கள். அவர்களுக்குத் தலைவராக வந்த ஹீபர் கிராண்ட் 44 வயது அப்போஸ்தலர். உடன் வந்த ஆல்மா டெய்லருக்கு 19 வயதுதான். இருவரும் 'எல்டர்'களே. அந்த 19 வயதுக்காரர் எட்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே தங்கி மொழியைக் கற்று மார்மன் புஸ்தகத்தை ஜப்பானிய மொழியில் பெயர்த்தார். அது 1909இல் வெளிவந்தது. பெயருக்கு முன்னால் வந்த சொல்லின் கனத்துக்குத் தகுந்த வேலையைச் செய்து முடித்தவராக அவரை நான் மதிக்கிறேன்.

ஜப்பானியர்கள் 'எல்டர்' என்பதைப் 'ச்சோரோ' என்று பெயர்த்துக்கொண்டார்கள். அதை எழுதப் பயன்படும் சீன எழுத்துகள் இரண்டில் முதலாவது 'நீளம்' என்றும் 'தலைமை' என்றும் பொருள்படும். இரண்டாவது முதுமையைக் குறிக்கும். பௌத்தத் துறவிகளில் மூத்தவரைக் குறிக்க முன்பே வழங்கிய சொல் இது. பாலி மொழியில் அதே நிலையைக் குறிக்கும் சொல் 'தேரர்'. இலங்கைத் தமிழ்ச் செய்தித்தாள்களை வாசிப்பவர்களுக்கு இது அன்றாடச் சொல். தேரரின் மூப்பு பிறந்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. முழுத் துறவு ஏற்ற நாளிலிருந்து கடந்த மழைக்காலங்களைக் கொண்டே எண்ணப்படுகிறது. பத்து மழைக்காலங்களைக் கடந்தவரே நெறிப்படி தேரர். முப்பது வயதுத் தேரருக்கு அவருக்குப் பின் துறவு ஏற்ற அறுபது வயதுக்காரர் வணக்கம் செலுத்துவது அதனால்தான். ஆண்டுகளின் மூப்பும் நிலையின் மூப்பும் வேறு வேறு என்பது நமக்குப் புதிய கருத்து அன்று.

ஊழியத்திலும் ஏறக்குறைய இதே கணக்கு நடக்கிறது. புதிதாக வந்தவருக்கு முதல் 12 வாரங்கள் பயிற்சியாளர் ஒருவர் துணையிருப்பார். அந்தப் பயிற்சியாளர் வயதில் இளையவராகவும் இருக்கலாம்; சில மாதங்கள் முன்னால் வந்திருப்பதே அவருடைய மூப்பு. யூட்டா மாநிலத்தின் புரோவோ நகரிலுள்ள பயிற்சி மையத்தில் சில வாரங்கள் மட்டுமே ஜப்பானிய மொழி படித்துவிட்டு ஜப்பானுக்கு வந்த இளைஞருக்கு, கடைக்காரர் சொல்லும் விலைகூட முதலில் விளங்குவதில்லை. காலை 6.30 மணிக்கு எழுந்து, உடற்பயிற்சி செய்து, உணவு உண்டு, மறைநூலையும் மொழியையும் படித்த பின் வெளியே புறப்பட வேண்டும், இரவு 10.30க்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். இடையிலுள்ள நேரமெல்லாம் மிதிவண்டியிலும், அறிமுகமற்றவர்களின் வாசல்களிலும், சபையாரின் வீடுகளிலும் கழியும். கதவு திறந்து உடனே மூடப்படுவது நாளில் பலமுறை நடக்கும். கறுப்புப் பெயர்ப்பட்டையில் கத்தகானா என்னும் ஜப்பானிய எழுத்தில் தம் குடும்பப் பெயரையும் அதனோடு 'ச்சோரோ' என்ற பட்டத்தையும் தாங்கிக்கொண்டு, தம்மைவிட ஐம்பது வயது மூத்த பாட்டியின் முன்னால் தலைவணங்கி நிற்கும்போது, தம்மைத் தாமே மூத்தவர் என்று சொல்லிக்கொள்ளும் கூச்சம் அவருக்கு வராதிருக்குமா?

இந்தக் கூச்சத்தைத் தமிழ் மரபு அறிந்திருக்கிறது. வழக்குரைக்க வந்த முதியோர் இருவர், நீதி சொல்ல அமர்ந்த சோழன் இளையவனாயிருப்பதைக் கண்டு தயங்கினார்களாம். அவன் நரைமுடியை அணிந்து வந்து அவர்கள் உவக்கும்படி முறைசெய்தான் என்பது கரிகாலனைப் பற்றி வழங்கும் செய்தி. தலையில் வைத்த நரை அவனை முதியவனாக்கவில்லை, அவன் அமர்ந்த இருக்கையின் தகுதியைக் காட்டியது. 'எல்டர்' என்னும் சொல்லும் அத்தகைய நரைமுடிதான். தம் இளம் சீடரான திமொத்தேயுவுக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தில் (கடிதத்தில்) 'உன் இளமையைக்குறித்து ஒருவனும் உன்னை அசட்டைபண்ணாதபடிக்கு' என்று சொல்லியதும் இந்த நிலையை எண்ணியே.

ஆகவே தமிழில் நமக்கு வேண்டியது, முதுமையின் வேரை விடாமலும் வயதை அறுதியிட்டுச் சொல்லாமலும் பதவியைச் சுட்டும் சொல். 'முதியவர்' வயதை மட்டும் சொல்கிறது. 'பெரியவர்' மரியாதையைச் சொல்கிறது, பதவியைச் சொல்லவில்லை. மேலும் தெருவில் பெயர் தெரியாத முதியவரை அழைக்கவே அது இன்று பயன்படுகிறது. 'மூத்தவர்' என்றால் யாரைவிட மூத்தவர் என்ற கேள்வி எழும். 'குரு', 'ஆயர்' என்பவை வேறு சபைகளில் வேறு பதவிகளுக்கு உரியவை. எஞ்சி நிற்பது 'மூப்பர்'.

'மூ' என்னும் வினையடியிலிருந்து மூப்பு, மூத்தோர் முதலியவை பிறந்தன. மூப்பு என்பதற்கு முதுமை என்று மட்டுமல்லாமல் தலைமை என்றும் பொருள் உண்டு. மூப்பன் என்றால் முதியவன், தலைவன். சில சமூகங்களின் பட்டப்பெயராகவும் அது வழங்குகிறது. கேரளத்தின் அட்டப்பாடி மலைப்பகுதியில் இருளர் பழங்குடியினரின் ஊர்களின் தலைவரை இன்றும் மூப்பன் என்றே சொல்கிறார்கள். வயதும் தலைமையும் ஒரே சொல்லுக்குள் சேர்ந்திருப்பதால், கிரேக்கச் சொல்லைத் தமிழாக்கிய விவிலிய மொழிபெயர்ப்பாளர்களுக்கு இது இயல்பாகக் கைகொடுத்தது. 'சபையின் மூப்பர்', 'இருபத்துநான்கு மூப்பர்கள்' என்பவை தமிழ்க் கிறிஸ்தவர்களின் காதுக்குப் பழகிய தொடர்கள். இச்சபையின் தமிழ் வெளியீடுகளும் 'எல்டர்' என்ற இடத்தில் 'மூப்பர்' என்றே எழுதுகின்றன. அது சரியான தேர்வு என்பது என் உறுதியான எண்ணம்.

இதே வழியில் இன்னொரு சொல்லையும் முன்மொழிய விரும்புகிறேன். ஊழியர்கள் எப்போதும் இருவராகவே இருக்க வேண்டும். ஒருவர் மற்றவரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தொலைவைத் தாண்டக் கூடாது. அந்த மற்றவரைக் 'கம்பேனியன்' என்கிறார்கள். அப்பத்தைப் பகிர்ந்து உண்பவர் என்பது அதன் இலத்தீன் வேர்ப்பொருள். ஒரே அறையில் உறங்கி, ஒரே பாத்திரத்தில் சோறு பொங்கி, தாம் தேர்ந்தெடுக்காத ஒருவரோடு வாரக்கணக்கில் வாழ்வது ஊழியத்தின் கடினமான பகுதி என்று திரும்பி வந்தவர்கள் சொல்வதுண்டு. பேதுருவின் முதல் நிருபத்தில் 'உடன்மூப்பன்' என்ற அருமையான சொல் இருக்கிறது. கம்பேனியனுக்கு 'உடன்மூப்பர்' என்பதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. பெண்களுக்கு 'உடன்சகோதரி' என்று சொல்லலாம். துணி துவைக்கவும், கடைக்குப் போகவும், வீட்டாரோடு பேசவும் வாரத்தில் ஒதுக்கப்பட்ட நாளைக் குறிக்க 'ஆயத்தநாள்' என்ற சொல்லும் தமிழ் விவிலியத்திலேயே கிடைக்கிறது. 2019 பிப்ரவரிக்கு முன்பு ஆண்டுக்கு இருமுறை மட்டுமே வீட்டுக்குத் தொலைபேசியில் பேச முடிந்தது. இப்போது ஆயத்தநாள்தோறும் பேசலாம்.

'மிஷனரி' என்பதற்கு 'ஊழியக்காரர்' என்பது தமிழ்க் கிறிஸ்தவ வழக்கு; 'அனுப்புதல்' என்னும் பொருளுள்ள இலத்தீன் வேரை அது விட்டுவிட்டாலும் செய்யும் வேலையைச் சரியாகச் சொல்கிறது. 'ஊழியர்' என்று சுருக்கும்போது ஒரு கவனம் வேண்டும்: அலுவலக வழக்கில் அது சம்பளம் வாங்குபவரைக் குறிக்கும். இவர்களுக்குச் சம்பளம் இல்லை. அமெரிக்காவிலிருந்து செல்பவருக்காக அவரோ குடும்பத்தினரோ மாதந்தோறும் பணம் செலுத்த வேண்டும். 400 டாலராக இருந்த அந்தத் தொகை 2020 ஜூலையில் 500 டாலராக உயர்த்தப்பட்டது.

எழுதும் முறையில் ஒரு குறிப்பு. விளியாக வரும்போது 'மூப்பர் டெய்லர்' என்று குடும்பப் பெயருக்கு முன்னால் எழுத வேண்டும், 'திரு.' சேர்க்க வேண்டியதில்லை. பதவியாக வரும்போது 'மூப்பராக நியமிக்கப்பட்டார்' என்று எழுதலாம். இந்த வேறுபாடு இரண்டு ஆண்டுகளின் முடிவில் கண்ணுக்குத் தெரியும். ஊர் திரும்பிய இளைஞரை அப்பகுதியின் சபைத் தலைவர் ஊழியத்திலிருந்து விடுவிப்பார். பெயர்ப்பட்டை சட்டையிலிருந்து கழற்றப்படும். 24 மாதங்கள் உடன்மூப்பர்கூடச் சொல்லி அழைக்காத அவருடைய முதற்பெயர் அன்று மாலை வீட்டாரின் வாயிலிருந்து மீண்டும் வரும். விளி அதோடு நின்றுவிடுகிறது. மூப்பர் என்ற பதவி அவரிடமே இருக்கிறது.