2920 பைட் எங்கே போனது?

நண்பர் ஒருவரின் சிறிய அலுவலகத்தில் விநோதமான ஒரு கோளாறு. மற்ற இணையதளங்கள் எல்லாம் சட்டென்று திறக்கின்றன. அவர்கள் தினமும் பில் போடும் தளம் மட்டும் வெள்ளைத் திரையோடு சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தளத்துக்கு பிங் (‘இருக்கிறாயா?’ என்று கேட்கும் சின்னச் செய்தி) அடித்தால் பதில் வருகிறது. இணைப்புக் கொடுத்தவர் ‘லைன் சரியாக இருக்கிறது’ என்கிறார். தளத்துக்காரர் ‘எங்கள் சர்வர் ஓடுகிறதே’ என்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

ஆளாளுக்கு ஊகம் சொல்லிக்கொண்டிருக்கும் இந்த மாதிரி நேரத்தில்தான் பாக்கெட் கேப்ச்சர் கைகொடுக்கும். இணையத்தில் தகவல் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும்; அவைதான் பாக்கெட்டுகள். கணினிக்குள் வரும், வெளியே போகும் ஒவ்வொரு பாக்கெட்டையும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நகலெடுத்து, நேரமும் குறித்துக் கொடுத்துவிடும். 1988-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் உருவான டிசிபிடம்ப் என்ற கருவி இதைக் கறுப்புத் திரையில் வரிவரியாகக் காட்டும். ஜெரால்டு கோம்ப்ஸ் 1998-இல் ஈத்தரியல் என்ற பெயரில் வெளியிட்டு, 2006-இல் பெயர் மாறிய வயர்ஷார்க், அதையே வண்ணம் பூசி விளக்கத்தோடு காட்டும். இரண்டும் இலவசம். பக்கத்து மேசைக் கணினியின் பாக்கெட்டுகள் நமக்குத் தெரியாது. அலுவலகக் கணினிகளை இணைக்கும் சுவிட்ச் பெட்டி அவற்றை நம் பக்கம் அனுப்புவதே இல்லை. தெரிய வேண்டுமென்றால் சுவிட்சில் மிரர் போர்ட் (மற்றவற்றின் பாக்கெட்டுகளையும் நகலெடுத்துத் தரும் துளை) அமைக்க வேண்டும். அதற்கு முன் உரியவரிடம் அனுமதியும் வாங்க வேண்டும்.

கோளாறு இருந்த விண்டோஸ் கணினியிலேயே வயர்ஷார்க்கை ஓடவிட்டேன். புதிதாகப் பழகுபவர்கள் மிரள்வது இந்த இடத்தில்தான்: ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான வரிகள். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். அந்தத் தளத்தின் ஐபி முகவரியை மட்டும் ஃபில்டரில் போட்டதும் ஒரு திரைக்குள் அடங்கிவிட்டது.

முதல் மூன்று வரிகள், பாக்கெட்டுகளை வரிசை தவறாமல் சேர்க்கும் விதிமுறையான டிசிபியின் கைகுலுக்கல். நம் சின் (‘பேசலாமா?’), அவர்களின் சின்-ஆக் (‘சரி, பேசலாம்’), மறுபடி நம் ஆக் (‘கிடைத்தது’). பழுதில்லை. சின் போய்ப் பதிலே வரவில்லை என்றால் வழியில் யாரோ மறிக்கிறார்கள் என்று கொள்ளலாம், இங்கே அப்படியில்லை. அடுத்து நம் பக்கத்திலிருந்து பாதுகாப்பான இணைப்புக்கான முதல் வணக்கம் போனது. அதற்கு சர்வர் தன் சான்றிதழை அனுப்ப வேண்டும். ஒரு பாக்கெட் வந்தது. அதன் வரிசை எண், அதாவது அது எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்பது, 2921.

1-லிருந்து தொடங்க வேண்டிய எண் அது. நடுவில் 2920 பைட்டைக் காணோம். 1460-ஐ இரண்டால் பெருக்கினால் 2920. கேப்ச்சர் பார்த்துப் பழகியவர்களுக்கு 1460 நன்கு அறிமுகமான எண்: ஈத்தர்நெட் ஏற்கும் 1500 பைட்டில் முகவரி முதலிய விவரங்கள் எழுதும் ஐபி தலைப்புக்கு 20, டிசிபி தலைப்புக்கு 20 போக மிஞ்சுவது. அதாவது முழு அளவுள்ள இரண்டு பாக்கெட்டுகள் வழியில் தொலைந்தன. வால் துண்டு சின்னதாக இருந்ததால் வந்துவிட்டது. பிங்குக்கு மட்டும் ஏன் பதில் வந்தது என்பதும் இதில் தெரிந்துவிட்டது. அதுவும் சின்னப் பாக்கெட்தான்.

அந்த அலுவலகத்தின் லைன் பிபிபிஓஇ (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) வகை. அது ஒவ்வொரு பாக்கெட்டிலும் தனக்கென 8 பைட் எடுத்துக்கொள்ளும், ஆகவே 1492-க்கு மேல் உள்ளே நுழையாது. பெரிய பாக்கெட் வந்தால் இடையிலுள்ள ரவுட்டர் ‘பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்பு’ என்று ஐசிஎம்பி செய்தி (வலையமைப்பின் பிழை அறிவிப்பு; பிங்கும் இதே வகைதான்) ஒன்றை சர்வருக்கு அனுப்பும். பெரும்பாலான தளங்கள் அதைக் கேட்டுத் திருத்திக்கொள்கின்றன. இந்தத் தளத்தின் ஃபயர்வால் (தடுப்புச் சுவர்), பாதுகாப்பு என்ற பெயரில் பிங்கைத் தவிர மற்ற ஐசிஎம்பி செய்திகளை எல்லாம் அடைத்து வைத்திருந்தது போலும். சர்வருக்குச் செய்தி எட்டவில்லை. அதே பெரிய பாக்கெட்டையே இடைவெளியை இரட்டிப்பாக்கி இரட்டிப்பாக்கித் திரும்ப அனுப்புகிறது. நம் கணினியோ ‘1-ஆவது பைட்டுக்குக் காத்திருக்கிறேன்’ என்று ஆக் அனுப்பிவிட்டு அப்படியே நிற்கிறது. என்னைக் கேட்டால், ஐசிஎம்பியை இப்படி அடைப்பது தபால்காரரை வாசலோடு விரட்டுவதற்குச் சமம்.

அந்த ஃபயர்வாலில் கைவைக்க நமக்கு வழியில்லை. அலுவலக ரவுட்டரில் எம்எஸ்எஸ் கிளாம்பிங் (ஒரு பாக்கெட்டில் வரக்கூடிய தகவலின் உச்ச அளவைக் குறைப்பது) என்று ஒரு வசதி அணைந்து கிடந்தது, அதை இயக்கினோம். கைகுலுக்கலின்போதே ‘ஒரு தடவைக்கு 1452 பைட் போதும்’ (1492-இல் தலைப்புகளுக்கான 40 போக மிஞ்சுவது) என்று ரவுட்டர் மாற்றி எழுதிவிடும். மறுபடி கேப்ச்சர் எடுத்தோம். சான்றிதழ் 1452, இன்னொரு 1452, கடைசியில் ஒரு வால் துண்டு என்று வரிசை மாறாமல் வந்து சேர்ந்தது. நண்பர் பில் போடப் போய்விட்டார்.