அட்ரோஃபி: சூம்பலா, நலிவா?

விளவங்கோட்டுப் பக்கம் பக்கவாதக்காரரைப் பார்க்க வருகிறவர்கள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவருடைய இரண்டு கைகளையும் மாறி மாறித் தொட்டுப் பார்ப்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "கை சூம்பிப் போச்சே" என்பார்கள். எங்கள் பாட்டா விழுந்த நான்காம் மாதத்தில் இதைச் சொல்லாமல் போன ஆள் கிடையாது. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிச் சீட்டில் 'அட்ரோஃபி' என்று எழுதியிருந்தது. அதைப் படித்துக் காட்டிய நர்ஸ் மலையாளத்தில் 'சோஷிப்பு' என்றார். 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்த தாலுகா இது. ஒரு நோய்க்கு மூன்று மொழியில் பெயர் கேட்பது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் மூன்றும் ஒரே பொருளைச் சொல்கின்றனவா?

அட்ரோஃபி கிரேக்கச் சொல். 'ட்ரோஃபே' என்றால் ஊட்டம். முன்னால் நிற்கும் 'அ' மறுப்பு, வடமொழி வழியாக நமக்கு வந்த அநீதி, அசுத்தம் போல. ஆக, ஊட்டமின்மை. லத்தீன், பிரெஞ்சு வழியே 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. சோஷிப்பு வடமொழி 'சோஷ'த்திலிருந்து வந்தது, உலர்தல் என்று பொருள். ஒன்று சோறில்லை என்கிறது, மற்றது நீரில்லை என்கிறது.

சோறில்லை என்ற எண்ணம் கிரேக்கர்களுக்கு மட்டும் உரியதல்ல. எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், ஞவரக்கிழி என்று ஒரு சிகிச்சை உண்டு. ஞவர அரிசியைப் பாலிலும் குறுந்தோட்டிக் கஷாயத்திலும் வேகவைத்து, துணியில் முடிந்து, மெலிந்த கைகால் மேல் ஒற்றித் தேய்ப்பார்கள். வெளியிலிருந்தே தசைக்குச் சோறூட்டுகிற எண்ணம்தான். எங்கள் வீட்டிலோ உள்ளேயிருந்து ஊட்டினார்கள், தினமும் ஆட்டுக்கால் சூப்.

சொல்லின் பிறப்பு நம்மை ஏமாற்றும் இடம் இதுதான். பக்கவாதத்தில் தசை மெலிவதற்குப் பட்டினி முதற்காரணம் அல்ல. புரதம் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. மூளையிலிருந்து முதுகுத்தண்டுக்கு இறங்கும் பாதை அடிபட்டு, கட்டளை நின்றுபோகிறது. வேலையில்லாத தசை சுருங்குகிறது. ஆறு மாதம் தாண்டிய நோயாளிகளின் தொடையை ஸ்கேன் செய்து பார்த்த ஓர் ஆய்வில், செயலிழந்த பக்கத்தின் தசைப்பரப்பு மற்றப் பக்கத்தைவிட ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தது. தசைக்குள் கொழுப்போ கூடியிருந்தது. இழைகளின் குணமும் மாறுகிறது. நின்று நிதானமாக உழைக்கும் மெது இழைகள் குறைந்து, சீக்கிரம் களைக்கும் வேக இழைகளின் பங்கு கூடுகிறது. முதுமையில் நடப்பது இதற்கு நேர்மாறு. முழங்கை மடங்கியே இருந்தால் அங்குள்ள தசை நீளத்திலும் குறுகிவிடும்.

தசையை லத்தீன்காரர்கள் 'சிறு எலி' என்றார்கள். ஆங்கிலத்து மஸில் அதிலிருந்து வந்ததுதான். நாம் காலின் பின்புறச் சதையில் மீனைப் பார்த்துக் கெண்டை என்றோம். கொழுப்பு நுழைந்த காலில் கெண்டையின் வடிவம் அப்படியே இருக்கலாம், உள்ளே மீன் இளைத்திருக்கும். அதனால் காலின் சுற்றளவை டேப் வைத்து அளப்பதை அப்படியே நம்ப முடியாது.

இப்போது சூம்பலுக்கு வருவோம். வாடி வற்றிச் சிறுத்தல் என்பது பொருள். விரல் சூம்புவது, மாங்கொட்டை சூம்புவது என்று உறிஞ்சலுக்கும் இதே சொல்லைப் பழகுகிறோம். இரண்டும் ஒரே வேர் என்றே எனக்குப் படுகிறது: சாறு உறிஞ்சப்பட்டது சூம்பியது. படம் போலத் தெளிவான சொல். போலியோ தாக்கிய காலுக்கு அச்சாகப் பொருந்தும், ஏனென்றால் அங்கே முதுகுத்தண்டில் தசையை ஆளும் நரம்புச் செல்லே செத்துப்போகிறது. சூம்பிய கால் என்றதும் நம் மனத்தில் வருவதும் அந்தக் கால்தான். பக்கவாதத்தில் அந்தச் செல்லும் அதிலிருந்து தசைக்குப் போகும் நரம்பும் பெரும்பாலும் உயிரோடிருக்கின்றன.

ஆகவே பக்கவாதத்தில் வரும் அட்ரோஃபிக்கு என் தேர்வு 'தசை நலிவு'. நலி என்பது தமிழ் வினைதான். மெலிவு, தளர்வு, துன்பம் மூன்றும் அதில் உண்டு. உருவம் குறைந்ததா என்பதைவிட, வலு குறைந்தது என்பதை அது முன்னால் வைக்கிறது. நலிந்த ஆலையை மீட்க அரசு கடன் கொடுக்கும். சூம்பின கத்தரிக்காயை யாரும் மீட்பதில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்கிற எளிய பயிற்சியையே விடாமல் செய்தால் தொடை மறுபடி வலுக்கூடும் என்பதையும் அந்தச் சொல் தாங்கும். 'தசைச்சிதைவு' என்று மட்டும் எழுதவேண்டாம். அது டிஸ்ட்ரோஃபிக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று, பெரும்பாலும் மரபணு வழி வரும் வேறு நோய்.

பாட்டாவின் சீட்டில் அட்ரோஃபிக்குப் பக்கத்தில் பென்சிலால் 'தசை நலிவு' என்று எழுதி வைத்தேன். பார்க்க வருகிறவர்கள் இன்னும் சூம்பிப் போச்சு என்றுதான் சொல்கிறார்கள்.